முந்தைய ரீடிங்

முதலில் கேட்டது நான் இல்லை.
செல்லூரில் மூன்று மாடி ஏறி
மீட்டர் பெட்டிக்குக் குனிந்தபோது
அந்த வீட்டுப் பையன் கத்தினான்:
"அம்மா, கரண்டு அக்கா இடுப்புல எலி கத்துது!"

சிரித்துக்கொண்டே குறித்தேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
இறங்கும்போது எனக்கும் கேட்டது.
எண்ணெய் காணாத கேட்டு ஒன்று
என்கூடவே படி இறங்கியது.

மூட்டு வைத்து ஆறு வருஷம்.
இருபது தாங்கும் என்றார்கள்.
கையில் ஒரு அட்டை, அதில் ஒரு ஸ்டிக்கர்,
பதினொரு இலக்கம்.
கோயில் வாசல் சோதனைச் சட்டம்
என்னைக் கண்டதும் கூவும்.
பெண் போலீஸ் பரிமளா கையை அசைப்பாள்:
"போங்க போங்க, உங்க இரும்புதானே."

இரும்பு இல்லையாம்.
கோபால்ட் என்று ரத்தச் சீட்டில்தான் படித்தேன்.
ஒன்றுக்குக் கீழே இருக்கணும்.
எனக்குப் பத்தொன்பது.

இருபத்திரண்டு வருஷமாய்
ஊரார் வீட்டில் ஓடியதை எழுதிய கை.
என் ரத்தத்தில் ஓடியதை
எந்தக் கட்டத்தில் எழுத?

டாக்டர் அமலதாஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"உரசி உரசித் தேஞ்சிருக்கு.
சுத்தியிருக்கற சதை கறுத்திருக்கும்.
எடுத்துட்டு வேற வைக்கணும்."
"மறுபடியுமா சார்?"
"மறுபடின்னு சொல்ல முடியாதும்மா.
முதல் தடவை எலும்பு இருந்துச்சு."

இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவர்
திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
இந்த மூட்டுக்குத்தான் ஏற்கெனவே வாங்கியாச்சே.
சொசைட்டி லோன் போட்டோம்.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே யாரோ.
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒவ்வொரு அடிக்கும் என் பல் ஆடியது.
வலி இல்லை.
வலி இல்லாததுதான் பயம்.

தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டர் குனிந்து,
"ஈ.பி.யாமே நீங்க?
எங்க வீட்டுக்கு ஏழாயிரத்து எண்ணூறு வந்திருக்கு,
சரியா இருக்குமா?" என்றார்.
"ஏசி எத்தனை சார்?"
"மூணு."
"அப்ப சரிதான்."

பிறகு அமலதாஸின் குரல்:
"பழசு வர மாட்டேங்குது."
இன்னும் பெரிய சுத்தியல் கேட்டார்.
நானும் உள்ளுக்குள் சொன்னேன்,
வாயேன்,
உன்னை வைக்க வாங்கின கடனே
போன தீபாவளிக்குத்தான் முடிஞ்சது.

எடுத்ததை எனக்கே கொடுங்கள் என்று
எழுதிக் கொடுத்திருந்தேன்.
கழுவி, கவரில் போட்டு,
வார்டு பேச்சியக்கா கொண்டுவந்தாள்.
எலுமிச்சை அளவு உருண்டை.
பளபளவென்று முகம் தெரிந்தது.
ஒரு ஓரம் மட்டும்
பிறை மாதிரி மங்கல்.
என் ஆறு வருஷ நடை
அவ்வளவுதான்,
விரலால் தடவினால்கூடத் தெரியாது.

ஒன்பதாம் நாள், வாக்கரோடு நான்.
கம்பெனியிலிருந்து நவநீதன் என்று ஒரு பையன்,
ஆப்பிள் பையோடு.
ஆய்வுக்கு அந்தப் பொருள் வேண்டுமாம்.
ஒரு கையெழுத்தும் வேண்டுமாம்:
இதன்மேல் வேறு கோரிக்கை எதுவும் இல்லை என்று.

அட்டையிலிருந்த பதினொரு இலக்கத்தை
சத்தமாய்ப் படித்தேன்.
"இதே நம்பர் வரிசையில இன்னும் எத்தனை பேருக்கு
வச்சிருக்கீங்க தம்பி?"
தண்ணீர் கேட்டான். குடித்தான்.
மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக
நம்பர் எழுதித் தந்தான்.
ஆப்பிளை விட்டுவிட்டுப் போனான்.

கூப்பிடுகிறேன்.
மணி போகிறது. நிற்கிறது.
இப்போதெல்லாம் மணியே போவதில்லை.

ஆள் இல்லாத வீட்டுக்கு
நாங்கள் எழுதுவது 'கதவு பூட்டு'.
எழுதினாலும் பில் உண்டு,
போன தடவை ஓடிய கணக்குக்கு.
என்றைக்குத் திறந்தாலும்
மீதியை வாங்காமல் விட மாட்டோம்.

போன வாரம் ரத்தம் கொடுத்தேன்.
இப்போதைய ரீடிங்: ஏழு.
நோட்டில் நவநீதன் பெயருக்கு நேரே
கதவு பூட்டு,
தேதி போட்டிருக்கிறேன்.
உருண்டை அடுக்களை மேல்தட்டில்
வெந்தய டப்பாவுக்குப் பக்கத்தில்.